வேர்க்காத பானை

“…கஞ்சியக் காய்ச்சி ஊத்தி எவளாச்சும் தண்ணிப் பானையப் பழக்குவாளா? சொல்லு தாயி, ஒன்னத்தேன் கேக்குறேன்!”

இடுப்பில் கைவைத்துக்கொண்டு பேச்சியம்மாள் என்னைக் கேட்ட கேள்வி இது. கேட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. நேற்று மத்தியானம் மறுபடி காதில் விழுந்தது. என் மகன் ஒரு கூலர் வாங்கிவந்து ஜன்னலோரம் வைத்தான். தகரப் பெட்டி, உள்ளே விசிறி, மூன்று பக்கமும் புல் அடைத்த தட்டி. தண்ணீரை ஊற்றிவிட்டு எனக்குப் பாடம் நடத்தினான். “தண்ணி ஆவியாகும்போது காத்துல இருக்குற சூட்டை இழுத்துக்கும்மா. அதனாலதான் குளிருது.” அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். இந்தப் பாடத்தை நான் இருபத்துமூன்று வயதில் படித்துத் தோற்றவள் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நனைந்த புல்லின் வாசனை வந்ததும் என் நினைப்பு முதலில் போய் நின்றது மிஷன் பள்ளிக்கூடத்தில், தலைமையம்மாவின் அறை வாசலில். பங்குனி பிறந்துவிட்டால் அந்த வாசலில் வெட்டிவேர்த் தட்டி தொங்கும். தோட்டக்காரர் பூவாளியால் மணிக்கொருதரம் நனைப்பார். வெளியே மதுரை வெயில் மண்டையைப் பிளக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் வேறு தேசம். உள்ளே போவதற்கு ஒரே வழி, தப்புச் செய்து மாட்டிக்கொள்வது. ஆனி ஆடியில் அடக்கமாக இருந்த பெண்களெல்லாம் பங்குனியில் வரிசையாகத் தப்புச் செய்வோம். “ஏய், நீ நேத்துத்தான வசவு வாங்குன? இன்னைக்கு என் முறைடி” என்று சண்டைகூட நடக்கும். தலைமையம்மா எவ்வளவு நேரம் திட்டுகிறார்களோ அவ்வளவு நேரம் குளிர்ச்சி. சுருக்கமாகத் திட்டி அனுப்பிவிட்டால் வருத்தமாக இருக்கும்.

அந்தக் குளிரில் வளர்ந்தவளைக் கட்டிக்கொடுத்தது ஓர் அடுப்புக்குள். என் வீட்டுக்காரர் போட்டோ பிடிக்கிறவர். சிம்மக்கல்லில் ஒரு வெல்ல மண்டிக்கு மேலே மாடியில் ஸ்டூடியோ. மின்சார விளக்கை நம்பாத காலம். வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் பாதிக்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். கோடையில் அதன்கீழே உட்கார்ந்து முகத்தைச் சிரித்தாற்போல வைத்துக்கொள்ள ஒருவரால் முடிந்தது என்றால், அவரை எந்தக் காரியத்துக்கும் நம்பலாம். அவர் படம் பிடிப்பார், நான் இருட்டறையில் கழுவுவேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் செய்வதைப் பார்த்தேன், நாலைந்தைக் கெடுத்தேன், வந்துவிட்டது. ஒரு வருஷத்தில் அவரைவிட நன்றாகக் கழுவினேன். இதை அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார், நான் இல்லாத சமயங்களில்.

அப்போது படம் விழுவது கண்ணாடித் தகட்டில். தகட்டின்மேல் பாலாடைபோல ஒரு மெல்லிய பசை பூசியிருக்கும். முகமும் மூக்கும் அந்த ஆடையில்தான். கழுவும் தண்ணீர் சூடாக இருந்தால் ஆடை ஊறி, இளகி, கண்ணாடியைவிட்டு நழுவிப் போய்விடும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் மிதந்த கதையெல்லாம் உண்டு. அதனால் சித்திரை, வைகாசியில் பல போட்டோக்காரர்கள் விடியற்காலையில் மட்டுமே கழுவுவார்கள். ஐஸ் கட்டி கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். உமி மூட்டையில் பொதிந்து எங்கள் மாடிப்படி ஏறுவதற்குள் வெறும் உமிதான் மிஞ்சும்.

எங்களுக்குப் பானை இருந்தது. மேற்கு ஜன்னலடியில் ஒரு மரப்பெட்டி, அதில் வைகையாற்று மணல், மணலில் அடி மட்டும் புதைத்த மானாமதுரைப் பானை, ஜன்னலில் நனைத்த சாக்கு. காற்று அடிக்க அடிக்கப் பானையின் மேலெல்லாம் முத்துமுத்தாக வேர்க்கும். எட்டு மணிக்கு ஊற்றிய தண்ணீர் பன்னிரண்டு மணிக்குப் பல்லைக் கூசவைக்கும். அந்தத் தண்ணீருக்கு ஒரு சட்டம் போட்டிருந்தேன்: என்னைத் தவிர யாரும் கைவைக்கக்கூடாது. நானுமே காம்பு வைத்த அகப்பையால்தான் மொள்ளுவேன். படம் கழுவும் தண்ணீரில் விரல் அழுக்கு சேரக்கூடாதே. மண்டி ஆட்கள் படியேறி வந்து, “போட்டோக்காரம்மா, ஒரு செம்புத் தண்ணி குடுங்க, உசிரு போகுது” என்று நிற்பார்கள். ஊற்றிக் கொடுப்பேன்.

அவர்கள் கேட்டதைக் கொடுத்தது நான். கேட்காமலே கொடுத்தது பானை. மணலில் கசிந்த தண்ணீர் பெட்டிக்கு வந்து, தரைக்கு வந்து, மச்சு இடுக்கு வழியே கீழே சொட்டும். கீழே வெல்ல மூட்டை. மண்டி கணக்கப்பிள்ளை தெருவில் வந்து நின்று, மாடியைப் பார்த்து என் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிடுவார்.

“மாப்ள! மேல மழை பேயுதா?”

“இல்லையே, ஏண்ணே?”

“இங்கன பேயுது. என் வெல்லமெல்லாம் பானகமாகிப்போச்சு. இனி ஒரு சொட்டு விழுந்துச்சு, ஒம் பானையக் கொண்டாந்து வைகையில போட்டுருவேன் பாத்துக்க!”

அந்தப் பேச்சு எனக்கு உறைத்துவிட்டது. அடுத்த வாரமே பழைய பானை விரிசல் விட, புதுப் பானை வாங்கிவந்தபோது, இதை ஒழுகவிடுவதில்லை என்று முடிவு கட்டினேன். புது மண்சட்டியை அடுப்பேற்றுமுன் எல்லா வீட்டிலும் பழக்குவார்கள் இல்லையா? வடித்த கஞ்சியை ஊற்றிக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடி கொதிக்கவைப்பார்கள். கசிவு நின்றுபோகும். அதையே தண்ணீர்ப் பானைக்கும் செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. செய்வன திருந்தச் செய்கிற பெண் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். பானையை மணலில் வைத்து நீர் ஊற்றினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மண்டி கணக்கப்பிள்ளை அன்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள்தான் பேச்சியம்மாள் வந்தாள், ஆனையூரிலிருந்து நடந்து, மகனையும் இழுத்துக்கொண்டு. சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மகன் கருப்பையா பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் ரயில். அவனை ஒரு படம் பிடித்துத் தரவேண்டும். பிள்ளை ஈர்க்குச்சி. “இவனைப் பட்டாளத்துல எப்படித்தான் எடுத்தாங்க?” என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்.

“மாரளக்கயில மூச்சை இழுத்து நிப்பாட்டிக்கிட்டேண்ணே” என்றான் கருப்பையா.

“அம்புட்டு நேரமும் எனக்கில்ல மூச்சு நின்னுபோச்சு” என்றாள் அவன் தாய். “தம்பி, எங்க வீட்டுல ஒருத்தரும் படம் பிடிச்சதில்ல. இவங்கப்பன் போய்ச்சேந்து எட்டு வருசமாச்சு. இப்ப கண்ண மூடுனா மூஞ்சி வரமாட்டேங்குது, வேட்டிக்கரைதேன் வருது. இவனையும் அப்படி விட்டுரக்கூடாது. நல்லாப் பிடிச்சுக் குடு.”

சண்டைக் காலத்தில் தகடு அருமை. ஆளுக்கு ஒரு தகடுதான். கருப்பையாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஆடாதே என்றதும், பழக்கதோஷம், அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். பேச்சியம்மாள் ஓரத்திலிருந்து, “டேய், சிரிடா!” என்றாள். அவ்வளவுதான். படம் விழுந்தது. அவர்கள் ரயிலடிக்குப் போனார்கள்.

நான் இருட்டறைக்குப் போனேன். மருந்தில் படம் எழும்பி வந்தது, அழகாக வந்தது. சிரிப்புக்கூட வந்திருந்தது. மருந்து வேலை முடிந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியாகப் பானையிலிருந்து மொண்ட நல்ல தண்ணீரில் அலசுவதற்குத் தட்டில் தகட்டை இட்டேன். அந்த அறை இருந்த சூட்டில் எந்தத் தண்ணீரும் கைக்குச் சில்லென்றுதான் இருக்கும். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது தண்ணீர் மாற்றியபோது தகட்டின் ஒரு மூலையில் ஆடை சுருங்கியது. கையை எடுப்பதற்குள் முழுசாகக் கிளம்பிவிட்டது. வெறும் கண்ணாடி அடியில் கிடக்க, கருப்பையா தண்ணீரில் மிதந்தான்.

ரயில் ஆறு மணிக்கு. மணி அப்போது ஏழு.

அழுவதற்கு நேரமில்லை. பாலில் ஆடை எடுக்கத் தெரியாத பெண்ணா நான்? படிகாரத்தைக் கரைத்துத் தட்டில் மெல்ல ஊற்றினேன். படிகாரம் பட்டால் ஆடை சற்று இறுகும். பிறகு வேறொரு கண்ணாடியை அடியில் கொடுத்து, மூச்சு விடாமல், மிதக்கிற படத்தை ஏந்தி எடுத்தேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை ஒட்டிக்கொண்டது. ஆனால் ஊறின ஆடை அகன்றுபோயிருந்தது. கன்னம் இரண்டும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு, தோள்மேல் ஒரு மடிப்பும் விழுந்திருந்தது.

என் வீட்டுக்காரர் அச்சுப் போட்டுப் பார்த்தார். “அந்தம்மா கேட்டா பையன் ஆடிட்டான்னு சொல்லிருவோம்” என்றார். அது எல்லாப் போட்டோக்காரர்களும் சொல்வது. நாங்கள் கெடுத்த படங்களில் மதுரை ஜனங்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமா!

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் வந்தாள். அட்டையில் ஒட்டிய படத்தைக் கையில் வாங்கினாள். அவர் சொல்லிவிட்டார், “பையன் கொஞ்சம் ஆடிட்டாம்மா.”

அவள் முகம் செத்துப்போயிற்று. “அவன் ஆடலய்யா. நாந்தேன் சிரிடான்னு கத்திக் கெடுத்துட்டேன். பாவி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாது?”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. “இல்லக்கா! அவன் ஆடவே இல்ல. நீங்களும் கெடுக்கல. நாந்தான் கெடுத்தேன். தண்ணி சூடா இருந்துச்சு, படம் இளகி அகண்டுபோச்சு” என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்த் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினாள்.

“ஏந்தாயி, இம்புட்டுச் சதை போட்டா இவன் இப்படியா இருப்பான்?”

“ஆமாக்கா.”

“நல்லாத்தேன் இருக்கான்” என்றாள். பிறகு, “தண்ணி ஏன் சுட்டுச்சு? அந்தா பானை இருக்கே” என்றாள். பானை புதுசு, நன்றாகப் பழக்கித்தான் வைத்தேன், ஏனோ குளிரவில்லை என்றேன். எப்படிப் பழக்கினாய் என்றாள். சொன்னேன்.

அப்போதுதான் இடுப்பில் கை போனது. மேலே நான் எழுதிய கேள்வி பிறந்தது. மூன்று தடவை கஞ்சி காய்ச்சினேன் என்பதையும் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் வெல்ல மண்டி வேலையை நிறுத்திவிட்டது. வேர்வைக் கண்ணையெல்லாம் அடைத்துவிட்டால் பானை எங்கே குளிரும்? மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை படித்த எனக்கு அது உதிக்கவில்லை.

கருப்பையா என்ன ஆனான் என்று சொல்லாமல் விட்டால் நீங்கள் தூங்கமாட்டீர்கள். சண்டை முடிந்து முழுசாகத் திரும்பி வந்தான், போனதைவிட ஒல்லியாக. ஸ்டூடியோவுக்கு வந்து எங்களிடம் முறையிட்டான்: “ஆத்தா தினம் படத்தக் காட்டி, எப்படிப் போனவன் எப்படி வந்திருக்கான் பாருங்கன்னு ஊரக் கூட்டி அழுகுது. நான் எப்பண்ணே அப்படி இருந்தேன்?”

இப்போது அந்த மாடியில் பிளாஸ்டிக் சாமான் விற்கிறார்கள். கண்ணாடிக் கூரையை எடுத்துத் தகரம் போட்டாயிற்று. எங்கள் பழைய தகடுகளை நாங்களே வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டிவிட்டோம், கண்ணாடிக்கு மட்டும் மதிப்பு இருந்தபடியால். எத்தனையோ மாப்பிள்ளைகளும் மணப்பெண்களும் யார் வீட்டு ஜன்னலிலோ வெறும் கண்ணாடியாக நிற்கிறார்கள். கருப்பையாவின் தகடும் அதில் போயிற்று. மேற்கு ஜன்னல் இருந்த இடத்தில் சுவர். காற்று வர வழியில்லை. ஆனால் பேச்சியம்மாள் அன்று படியிறங்கிப் போனது எனக்கு அழியவில்லை.

சிரித்து முடித்து, பேச்சியம்மாள் பானையை மணலிலிருந்து பெயர்த்தாள். தண்ணீரை ஜன்னல் சாக்கின்மேல் கவிழ்த்தாள். “இதுல சோறாக்கலாம், நான் எடுத்துக்கிறேன். ஒனக்கு வேற பானை குடுத்தனுப்புறேன், அதையும் பழக்கிறாத!” என்றாள். முந்தானையால் உள்ளே ஈரம்போகத் துடைத்தாள். பிறகு படத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, “வெயில் பட்டா மறுக்கா இளகுமா?” என்று கேட்டாள்.

“அட்டையில ஒட்டியாச்சு, இளகாதுக்கா.”

“நீ சொல்லாத. பானை குளிரும்னுந்தேன் சொன்ன” என்று படத்தைப் பானைக்குள் இறக்கினாள். பானையை இடுப்பில் ஏற்றி, அதன் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். கீழே மண்டி வாசலை அடைத்துக்கொண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“தள்ளுங்கய்யா, தள்ளுங்க” என்று குரல் கொடுத்துக்கொண்டே இறங்கினாள். “எம் மகன் வாரான்.”