கொடி நட்ட குழி

கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் மறைந்துபோன ஒரு தனியார் கோல்ஃப் மைதானத்தின் வரலாற்றை எழுதித் தருவதாகப் பதிப்பாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் புதுச்சத்திரத்தைத் தாண்டி, வனத்துறை கம்பி வேலி போட்டுப் பாதுகாக்கும் இந்தக் காட்டுக்குள், அனுமதிக் கடிதத்தோடு உச்சி வெயிலில் நிற்கிறேன்.

ஒரு மில் முதலாளி தானும் நண்பர்களும் ஆட வளர்த்த புல்தரையில் அடையாளத்துக்குக்கூட ஏதும் மிச்சமில்லை. கடைசியில் மண் தூர்ந்த ஒரு சிறிய வட்டக் குழி அகப்படுகிறது. பந்து விழும் குழி இதுதான் என்ற பரவசத்தில், கோல்ஃபில் நடுவதுபோல் அதில் குச்சியைச் செருகி, கைக்குட்டையைக் கொடியாகக் கட்டிப் படம் எடுக்கிறேன்.

வேலிக்கு வெளியே ஆடு மேய்க்கும் அம்மாள் என்னையே பார்க்கிறார்.

"ஏனுங்க, போர்க்குழிக்கு எதுக்குங்க கொடி?"

"போரா?"

"புல்லுக்குத் தண்ணி வேணும்னு ஏழு எடத்துல ரிக்கு வண்டி உட்டு போர் கெணறு ஓட்டுனாங்க. மொதல்ல எங்க கெணறு வத்துச்சு. அப்பறம் அவங்க புல்லும் காஞ்சுது. போயிட்டாங்க. நெலத்த வனத்துறை எடுத்துக்கிச்சு."

"இப்போ நிலம் பாதுகாப்பா இருக்கே" என்று அசட்டுத்தனமாகச் சொல்கிறேன்.

"ஆமாங்க. உள்ள போனா ஆட்டப் புடிச்சுக்கறாங்க. வெளிய மேய்ச்சலே இல்லீங்க. வாரச் சந்தைக்கு எல்லாத்தையும் விக்க ஓட்டிட்டுப் போறேன்."

ஆடுகள் கம்பிக்கு இடையில் கழுத்தை நீட்டுகின்றன, எதுவும் எட்டவில்லை. அனுமதி பெற்ற எனக்கோ புல் தின்னத் தெரியாது.

திரும்பும்போது டீக்கடைக்காரரிடம் சேலத்திலிருந்து வந்த கதையைச் சொல்லிப் படத்தைக் காட்டுகிறேன்.

"இதப் பாக்கவா சேலத்துல இருந்து வந்தீங்க? எங்க ஊட்டுக்குப் பின்னாலயே மூணு கெடக்குதுங்க" என்கிறார். "கொடிதான் நடல."