வாகீசன் லெவல் காட்டிய கதை

நீர்வேலியில் வாகீசனை வாகீசன் என்று கூப்பிடுவது அவனுடைய அம்மாவும் வாக்காளர் பட்டியலும் மட்டும்தான். மற்ற எல்லாருக்கும் அவன் ‘கேபிள் அண்ணை’. எழுபது வயதுக் கிழவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்தொரு வயதாகியும் கலியாணமாகாத ஒருத்தனை ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அண்ணை ஆக்கிவிட்டால் அவன் எங்கேதான் போவான்? வாகீசன் கேபிள் டிவிக் கம்பத்தில் ஏறினான். பதினெட்டு வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறான்.

தயாளினி மட்டும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை. முன்பள்ளி ஆசிரியை, முப்பத்தேழு வயது, அவளுக்கும் இன்னும் ஒன்றும் பொருந்தவில்லை. வாழைத்தோட்டங்களைத் தாண்டி ஒழுங்கையின் கடைசி வீட்டில் தகப்பனோடு இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்தான் இணைப்பு எடுத்தாள். முறைப்பாடு சொல்ல எடுத்தால், “ஹலோ, கேபிள்தானே? படம் கட்டம் கட்டமாய் உடையுது” என்பாள். பெயரும் இல்லை, முறையும் இல்லை. அந்த இல்லாமையை வாகீசன் நெஞ்சுக்குள் வைத்துச் சீராட்டினான். அடுத்த தடவை ‘அண்ணை’ என்றுவிட்டால்? அவள் நம்பர் விழும்போதெல்லாம் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனை எடுப்பான்.

அப்படிப்பட்டவள் வீட்டில் படம் உடையலாமா? ஒழுங்கைத் தொடக்கத்துக் கம்பத்தில் இருந்த அம்பிளிபயரைத் திறந்து திருகாணியைத் திருப்பிச் சிக்னலைக் கூட்டினான். அடுத்த நாளும் கூட்டினான். கடைசி வீடு வரை போய்ச்சேர வேண்டுமே என்று மூன்றாம் நாளும் கூட்டினான். சிக்னல் குறைந்தாலும் படம் உடையும், மிஞ்சினாலும் உடையும். நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் இது தெரியும். கம்பத்துக்குக் கிட்டவுள்ள ஒன்பது வீட்டு டிவிகளும் உறைந்துபோய் நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கைச் சனம் கம்பத்தடியில் கூடிவிட்டது. முன்னுக்கு நின்றவர் முதல் வீட்டுக் குணலட்சுமி அக்கா.

“ஆருக்கடா நீ லெவல் காட்டுறாய்?”

அம்பிளிபயரின் சிக்னல் லெவலைத்தான் சொன்னாரா, வேறெதையும் மோப்பம் பிடித்துவிட்டாரா? எங்கள் ஊரில் பெருமையடித்து எடுப்புக் காட்டுவதற்கும் அதே சொல்தான். வாகீசனுக்குக் காது சிவந்தது.

“பொறுங்கோ அக்கா, இப்ப சரியாக்கிறன்.”

ஏணியில் ஏறினான். கடைசி வீட்டில் என்ன தெரிகிறதென்று அறியாமல் குறைக்க முடியாது. தயாளினிக்குப் போன் அடித்தான். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

“டிவிக்கு முன்னாலை நிண்டு சொல்லுறியளே?”

“ஓம், நிக்கிறன்.”

சிக்னல் அளக்கும் மீற்றரைக் கொழுவினான். அது காட்டிய அளவைப் பார்க்க அவனுக்கே வெட்கமாக இருந்தது. கூட்டியதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். “எங்களுக்கு வந்திட்டுது!” என்று கீழே நாலைந்து வீட்டார் கத்தினார்கள்.

“இஞ்சை கீழ் நம்பர் சனல் எல்லாம் நல்லாயிருக்கு. மேல் நம்பருகள்தான் உடையுது,” என்றாள் தயாளினி.

அப்போதுதான் அவனுக்கு மூளை திரும்பி வந்தது. வயர் நீண்டால் மேல் நம்பர் சனல்களின் சிக்னலைத்தான் கூடுதலாகத் தின்னும். அவற்றை மட்டும் தூக்கிவிட அம்பிளிபயரில் தனியாக இன்னொரு திருகாணி இருக்கிறது. பதினெட்டு வருடமாகத் தெரிந்த விசயம், இந்த மூன்று மாதமாக அடியோடு மறந்துபோயிருந்தது! மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மெல்லத் திருப்பினான்.

சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

“இஞ்சருங்கோ,” என்றது சட்டைப் பை. “வடிவாய் இருக்கு. இறங்கி வாங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கட்டினவனைத்தான் ‘இஞ்சருங்கோ’ என்று கூப்பிடுவாள். சனம் ஏணிக்குக் கிட்ட நெருங்கியது. போனின் அந்தப் பக்கத்திலிருந்து “ஐயோ” என்று சின்னதாக ஒரு சத்தம். வாகீசன் காத்திருந்தான். அவள் திருத்திச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். அப்போதும் திருத்தவில்லை! ஏணி ஆடியதா, அவன் ஆடினானா தெரியாது, கடைசி மூன்று படியையும் மிதிக்காமலே நிலத்துக்கு வந்து சேர்ந்தான்.

ஏணியை மடிக்கக் கை வைத்தவனைக் குணலட்சுமி அக்கா தள்ளிவிட்டார்.

“உந்த ஏணியை நாங்கள் பாக்கிறம். நீ போடா, தேத்தண்ணி ஆறப்போகுது.”