நடுவில் யாரும் தைப்பதில்லை

என் அக்கா தரைவிரிப்புக் கடையில் ஓரம் தைப்பவள். வெட்டிய விரிப்பின் நாலு பக்கமும் பட்டி வைத்து மெஷினில் ஓட்டுவாள். முழங்கால் மேல் ஒரு கனம், தோளில் ஒரு கனம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். மாடு தோற்றுப்போகும் என்று நான் சொன்னால் சீப்பு பறந்து வரும்.

பள்ளிக்கூடத்தில் பரப்பளவுப் பாடம் வருவதற்குள் அவளுக்கு வேலை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சுற்றளவுதான். மேசையைப் பார்த்தால் சுற்று, ஜன்னலைப் பார்த்தால் சுற்று.

இப்போது கடையில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவர் வேறு ஊருக்குப் போகிறார். அந்த நாற்காலிக்கு முதுகுச் சாய்வு உண்டு. அக்கா அதைக் கேட்டாள். முதலாளி சும்மா தருவாரா? பத்தடிக்குப் பத்தடி அறைக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டார். வாடிக்கையாளர் ஒருவரும் பக்கத்திலேயே நின்றிருந்தார். அக்கா யோசிக்கவே இல்லை. "நாப்பது" என்றாள். வந்தவர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை, அதுதான் மோசம்.

"சனிக்கிழமை மறுபடி கேக்கறேன். விடை சரியா வந்தா உட்காரு. வரலைன்னா மெஷின் எங்கயும் போகாது" என்றாராம்.

சொல்லிக்கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான்தான். கணக்கு வாத்தியாரின் நாற்காலியில் பசை தடவி வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவள். என்னையே நம்ப வேண்டிய நிலைமை, பாவம்.

எங்கள் சமையலறைத் தரையில் ஒரு அடிக்கு ஒரு அடிக் கல் பதித்திருக்கிறது. நீளத்துக்கு எட்டு, அகலத்துக்கு ஆறு.

"எத்தனை சதுர அடி, சொல்லு."

"எட்டும் ஆறும் பதினாலு. இன்னொரு பதினாலு. இருபத்தெட்டு."

"ஏன்க்கா ஓரத்துலயே நடக்கற? நடுவுல இருக்கறது கல் இல்லையா?"

"நடுவுல யாருடி தைக்கப்போறா?"

அவளுக்கு அது பெரிய நியாயம். பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெருக்கு என்றேன், ஏன் பெருக்கணும் என்றாள். வாத்தியார் அப்படித்தான் சொன்னார் என்றேன். "அவரு சொன்னதெல்லாம் நீ கேட்டியா?" என்றாள். மூன்று நாள் இதே சங்கு, இதே செவிடன் காது. எனக்குக் கரண்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது. அவள் உண்மையிலேயே எறிந்தாள்.

வெள்ளிக்கிழமை சுண்ணக்கட்டியால் தரையில் இரண்டு படம் போட்டேன். ஒன்று எட்டுக் கல் நீளம், ஒரு கல் அகலம். மற்றொன்று நாலுக்கு நாலு.

"எது பெரிய விரிப்பு?"

"நீளமானதுதான். அதைத் தைச்சா தோளு கழண்டுடும்."

"கல்லுக்கு ஒரு ஆள் உட்காரட்டும். எண்ணு."

எண்ணினாள். நீளத்தில் எட்டுப் பேர். சதுரத்தில் முதல் வரிசைக்கு நாலு, அடுத்த வரிசைக்கு நாலு, அடுத்ததற்கும் நாலு... விரல் நின்றுவிட்டது.

"பதினாறு" என்றாள். பிறகு என்னை முறைத்தாள். "அப்போ இத்தனை வருஷமும் சின்னதுக்குத்தான் அவ்வளவு சுத்தினேனா?"

கேலி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துவிட்டேன். "மெதுவா, கிழவி ஆக்கிடாதே" என்றாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் பாசம்.

சனிக்கிழமை நானும் கடைக்குப் போனேன். தப்பாகச் சொல்ல ஆரம்பித்தால் இருமுவது என் திட்டம். "இருமினா, உன்னை விரிப்புல சுருட்டி வெச்சுடுவேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

முதலாளி கவுன்டரில் சாய்ந்துகொண்டு கேட்டார். "பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி அகலம்."

அக்கா தரையைப் பார்த்தாள். அங்கே கல் இல்லை, வெறும் சிமென்ட். ஆனாலும் விரல் மெல்ல அசைந்தது. எனக்குத் தொண்டையில் நிஜமாகவே இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"வரிசைக்குப் பன்னிரண்டு. ஒன்பது வரிசை. நூத்தியெட்டு சதுர அடி."

முதலாளி கால்குலேட்டரைத் தட்டினார். நம்பாமல் இன்னொரு தரம் தட்டினார். "சரிதான்" என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "ஆனா நீ இங்க உட்கார்ந்தா ஓரம் யாரும்மா தைப்பா? உன்னை மாதிரி நேரா ஓட்டறவங்க கிடைக்கறதில்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கவலையை முதல் நாளே சொல்லியிருக்கலாம் அல்லவா? வாரம் முழுக்க ஒரு மனுஷியைத் தரையில் தவழவிட்டு, இப்போதா?

அக்கா கத்தவில்லை. கவுன்டரைச் சுற்றிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்தாள்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன் சார். உட்காருன்னு சொன்னது நீங்க. தைக்க ஆள் தேடறது உங்க வேலை. வர்றவங்களுக்கு நான் சொல்லித் தரேன்."

"மதியத்துக்கு மேல மட்டும் நீ இங்க உட்காரு. காலையில தைச்சுடு."

"ஆள் வர்ற வரைக்கும். ஒரு மாசம்."

அவர் தலையாட்டினார். ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் அவளை அழைத்துவர மறுபடி போனேன். அந்த ஒரு மாதம் ரப்பராக நீளும் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். அக்கா காதில் வாங்கவில்லை. மதியம் இரண்டு பேருக்கு அறை எத்தனை சதுர அடி என்று கணக்குச் சொன்னாளாம், ஒருவர்கூடச் சிரிக்கவில்லையாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை மறுபடி மெஷினுக்குத்தான் போனாள்.