முழங்காலில் இருந்த கை

விமானப்படைப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரான அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள், வைத்ததில் தப்பே இல்லை. பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கையும் முழங்காலுக்குப் போய்விடும். முன்னால் இருக்கும் மாணவன் விமானத்தைக் கோணல்மாணலாகத் திருப்பட்டும், ஓடுபாதையை விட்டுவிட்டுப் புதருக்குள் இறக்கப் பார்க்கட்டும், மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். உயிர் தொண்டைக்குழிக்கு வந்த பிறகுதான் "என்கிட்ட கொடு" என்ற குரல் வரும்.

"தப்பை அவனே பாக்கணும், அவனே திருத்தணும். நான் திருத்தினா நான்தான் கத்துக்குவேன்" என்பார்.

அது லேசுப்பட்ட கை இல்லை. வாலிபத்தில் சண்டையில் குண்டடிபட்டு இறக்கை கிழிந்தபோது, கீழே வீடுகள் இருக்கின்றனவே என்று குதிக்காமல், விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிய கை. அதற்கு ஒரு பதக்கமும் கிடைத்தது. அது அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

அவர் மனைவிக்கு மட்டும் இந்தப் பெருமையெல்லாம் செல்லுபடியாகவில்லை. "ஊரான் பிள்ளை விமானம் ஓட்டினா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. நான் கார் ஓட்டினா மட்டும் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதிக்கிறீங்களே!"

வருடாந்தரச் சோதனைப் பறத்தல் வந்தது. வயது ஏறிவிட்டது, தேறினால் வானம், தவறினால் மேசை நாற்காலி. கோப்பு புரட்டிக்கொண்டு காலம் தள்ளுவதா? சோதகனாக வந்தவனோ அவருடைய பழைய மாணவன்.

"உங்க ஆளுதானே, பாஸ் போட்டுடுவான்" என்றாள் மனைவி.

"அப்படிப் போட்டா அவனுக்கு நான் ஒண்ணும் சொல்லித் தரலேன்னு அர்த்தம்" என்று எரிந்து விழுந்தார்.

அன்று அவர் முன் இருக்கை, சோதகன் பின் இருக்கை. எல்லாம் வெண்ணெயாகப் போனது. கடைசியில் எஞ்சின் நின்றதுபோல் பாவனை. எஞ்சின் விசையை முழுக்கக் குறைத்து, ஒரு வயலைப் பார்த்து மிதந்து இறங்க வேண்டும். இறங்கினார்.

"போதும் சார், மேல ஏத்துங்க."

ஏற்றினார். எஞ்சின் இருமியது, பிறகு நிஜமாகவே செத்தது. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. இடது இறக்கை மெல்லச் சாய்ந்தது. 'சாயுதே, பார்க்கிறானா? எப்போது திருத்துவான், பார்ப்போம்' என்று அவர் காத்திருந்தார். வயல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்னும் சாய்ந்தது. என்ன பையன் இவன்!

பின்னால் சோதகனுக்கு வியர்த்துக் கொட்டியது. சார் ஓட்டும்போது நாம் கை வைப்பதா என்று அவனும் சும்மா இருந்தான். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டான்: "சார்... விமானம் யார்கிட்ட இருக்கு?"

குனிந்து பார்த்தார். அவருடைய இரண்டு கைகளும் முழங்கால் மேல் இருந்தன.

"ஐயோ! என்கிட்ட!"

பாய்ந்து பிடித்தார். இறக்கை நுனி வரப்பை உரசாமல் தப்பியது ஒரு முழத்தில். சக்கரம் முறிந்து, உழுத மண்ணை வாரி இறைத்து விமானம் நின்றது. இருவரும் நடந்தே வெளியே வந்தார்கள்.

பள்ளியே கொண்டாடியது. இன்னொரு பதக்கத்துக்குப் பரிந்துரை செய்வதாகத் தளபதி சொன்னார். மாலையில் தன் அறையில் சோதகன் அவர் முன்னால் சோதனை அறிக்கையை எடுத்து வைத்தான்.

"எஞ்சின் நின்னுச்சு, நீங்க இறக்குனீங்க. நடுவுல நடந்தது என்னோட போகட்டும் சார்."

அவருக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்றது மனது.

"நாளைக்கு உன் பிள்ளை முன் சீட்ல உக்காந்தா, பின்னாடி என்னை ஏத்துவியா?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களே எழுதிடுங்க சார். என்னால முடியாது" என்று பேனாவை அவர் பக்கம் தள்ளினான்.

அவர் அதைத் தொடவில்லை. எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவனே பேனாவை எடுத்தான். 'தகுதியில்லை' என்று எழுதினான்.