கப்பலேறின கொசுறு

காய்ஞ்ச நிலாவாரை இலைக்கு ஒரு வாசம் உண்டு. வைக்கோலையும் பழைய டீத்தூளையும் கலந்த மாதிரி... மூக்குல ஏறிட்டா தும்மல் நிக்காது. டிகிரி முடிச்சு நான் முதல்ல வேலைக்குச் சேர்ந்த ஆபீஸ் அந்த வாசத்துக்குள்ளதான் இருந்தது. திருநெல்வேலி பேட்டையில ஒரு ஏற்றுமதி குடோன்.

வயித்தைச் சுத்தம் பண்ற மருந்து இலை அது. வள்ளியூர்ப் பக்கம் மானாவாரி நிலத்துல விளையும். நம்ம வெயில்ல காயவச்சு, மூட்டை கட்டி, தூத்துக்குடியில கப்பல் ஏத்துவோம். எங்கேயோ குளிர்ல இருக்கிறவனுக்கு வயிறு லேசாகணும்னா இங்க குடோன் நிறைய பொம்பளைங்க உட்கார்ந்து காம்பும் கல்லும் பொறுக்கணும். அவங்களுக்கு மேஸ்திரி பேச்சியக்கா. வெளிநாட்டுக்குப் போற பேப்பர் டைப் பண்றது நான்.

முதலாளி அண்ணாச்சி பலசரக்குக் கடை வச்சு மேல வந்தவர். எடை போட்டு முடிச்சதும், சாக்கைத் தைக்கிறதுக்கு முன்னால, பேச்சியக்கா ரெண்டு கையாலயும் இலையை அள்ளி மேல போடணும். அது அவர் சட்டம்.

"அங்கன பிரிச்சுப் பாக்கவன் மனசு நெறையணும்லா? கொசுறு இல்லாம என்ன யாவாரம்?"

பேக்கிங் லிஸ்ட்ல அதையும் சேர்க்கட்டுமான்னு ஒரு தடவை கேட்டேன். சிரிச்சுட்டார்.

"கணக்குல வந்தா அது கொசுறாம்மா?"

அந்த வருஷம் புதுசா ஒரு பெரிய பார்ட்டி கிடைச்சது. முதல் கன்டெய்னர் நல்லபடியா போய்ச் சேர்ந்தா வருஷம் பூரா ஆர்டர். பொறுக்குற எல்லாருக்கும் வருஷம் பூரா வேலை. அண்ணாச்சிக்கு சந்தோஷம் தாங்கலை. இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கன்னுட்டார். பேச்சியக்காவும் மனசார அள்ளிப் போட்டாங்க...

போய் இறங்கின இடத்துல கஸ்டம்ஸ் பிடிச்சுக்கிட்டான். பேப்பர்ல ஒரு எடை, சரக்குல ஒரு எடை. உள்ள வேற என்னமோ இருக்குன்னு சந்தேகம். ஒவ்வொரு மூட்டையா கிழிச்சுப் பார்த்திருக்கான். பார்த்து முடிக்கிறதுக்குள்ள ஈரம் ஏறி இலை கறுத்துப் போச்சு.

பார்ட்டிகிட்ட இருந்து வந்த ஈமெயிலைப் படிச்சு அர்த்தம் சொன்னேன். அண்ணாச்சிக்கு நம்பவே முடியலை.

"கூடத்தானம்மா இருக்கு! கொறஞ்சிருந்தால்லா தப்பு?"

அவர் சொன்னதையே மரியாதையான இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினேன். வந்த பதில் ரொம்பச் சின்னது. எங்களுக்கு அதிகம் வேண்டாம், சொன்ன அளவு இருந்தா போதும்.

அடுத்த வருஷம் அந்தப் பார்ட்டி வேற ஒரு நாட்டுக்குப் போயிட்டான். அந்த நாட்டு இலையோட சாம்பிள் எங்க கைக்கும் வந்தது. வெளுத்த இலை. அதை நம்ம இலை பக்கத்துல வைக்கவே முடியாது. ஆனா எப்ப எடை போட்டாலும் பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் சரக்குல இருக்குமாம்.

குடோன்ல பாதிப் பேருக்கு வேலை இல்லைன்னு ஆச்சு. பேச்சியக்காவும் அதுல ஒருத்தர். போகும்போது, "நான் போட்டதுனாலயாம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

இப்ப டிவியில பேசுறாங்க... உலகச் சந்தையில நாம ஏன் பின்தங்குறோம்னு. டாலர், வரி, துறைமுகம், கூலின்னு அடுக்குறாங்க. எல்லாம் உண்மைதான். எங்ககிட்ட இலை நல்லா இருந்தது, கூலி கம்மி, துறைமுகம் கூப்பிடு தூரம். அப்படியும் தோத்தோம். அதை எந்த நிபுணரும் சொல்லிக் கேட்டதில்லை.

குடோனை இப்ப அண்ணாச்சி மகன் நடத்துறார். எல்லாம் மெஷின். கிராம் சரியானதும் அதுவே நின்னுடும். ஆர்டர் நல்லாவே போகுதாம்.

போன வாரம் பாளை மார்க்கெட்டுல பேச்சியக்காவைப் பார்த்தேன். காய்கறி விற்கிறாங்க. வெண்டைக்காய் அரைக் கிலோ போட்டு, தராசு முள்ளு நேரா நின்னதும், இன்னும் ஒரு கை அள்ளி மேல வச்சாங்க.

"எடை கூடுதேக்கா..."

"இது என்ன கப்பல்லயா போவுது? பிடிம்மா."

இப்படி அள்ளிப் போட்டதாலதான் அவங்க வேலையே போச்சு. பையை இன்னும் நல்லா விரிச்சுப் பிடிச்சேன்.