எம்டன் இல்லாத 1914

டாலஸிலிருந்து ஹூஸ்டன் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க். மகன் வெளியே காருக்குப் பெட்ரோல் போடுகிறான். உள்ளே கடையில், வருஷத்துக்கு ஒன்றாக அந்த வருஷத்துச் செய்திகள் அச்சடித்த ‘நீங்கள் பிறந்த ஆண்டு’ வாழ்த்து அட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். அப்பாவின் 1914-ஐத் தேடி எடுக்கிறேன். பனாமா கால்வாய் திறந்தாகிவிட்டது. ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுவிட்டது. மெட்ராஸில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலை மட்டும் காணவில்லை. அந்த வாரம் பிறந்தவர் அப்பா.

“எம்டனைக் காணோமே” என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.

கல்லாவில் இருக்கும் பெண் நிமிர்கிறாள். மெக்ஸிகோ பெண் என்று நினைத்திருந்தேன்.

“எந்த எம்டன் அங்கிள்? நான் என் மாமியாரைத்தான் அப்படிச் சொல்வேன்.”

“அது கப்பல் பேரும்மா. எங்க அப்பா பிறந்த வாரம் மெட்ராஸ்ல குண்டு போட்டுட்டுப் போச்சே, அது.”

“கப்பலா? நான் சும்மா திட்டுற வார்த்தைன்னு நினைச்சேன்.” அட்டையை ஸ்கேன் பண்ணுகிறாள். “உங்க அப்பாவும் எம்டன்தானா?”

“ஆமாம்மா. வெளியூர்ல வேலை. சனிக்கிழமை வந்து குண்டு போடுவார், மறுநாள் போயிடுவார்.”

சிரித்துக்கொண்டே அட்டையை உறையில் போட்டுத் தருகிறாள். “இந்தியாவுக்குத்தானே? லேட் பண்ணாம போஸ்ட் பண்ணிடுங்க அங்கிள்.”

சரி என்கிறேன். அப்பா போய் எட்டு வருஷமாகிறது.

அந்தக் கப்பல் போன பிறகும், திரும்பி வந்துவிடுமோ என்று பயந்து ஊரே கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். நாங்களும் அப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்றும் சனிக்கிழமைதான்.