எத்தனை டப்பா பிடிக்கும்?

பெயிண்ட் கடையில் சரக்கு விற்பது சுலபம். ஒரு வீட்டுக்கு எத்தனை டப்பா பிடிக்கும் என்று சொல்வதுதான் கஷ்டம். மிஞ்சினால் வாங்கினவர் முணுமுணுப்பார், குறைந்தால் ஊரைக் கூட்டுவார். ஒரு பக்கச் சுவர் பாக்கி நிற்கும்போது காலி டப்பாவைச் சுரண்டிப் பார்த்த புண்ணியவான்களே, என் அவஸ்தை உங்களுக்குத்தான் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு இந்த உத்தியோகம். பஸ்ஸில் போனாலும் கண் ஜன்னல்களை எண்ணும்; கோயிலில் கைகூப்பி நின்றாலும் மனசு மதிலை அளக்கும். ஒரு இடத்தில் நிம்மதியாக நின்றதில்லை. போதாததற்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நிலையான வேலை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் புதுப்பட்டினத்தில் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

எட்டு ஆகாது

கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கூடத்துக்கும் இரண்டு அறைக்கும் டிஸ்டெம்பர் கேட்டார். கணக்குப் போட்டு, "எட்டு டப்பா சார்" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. எட்டு ராசியில்லாத எண்ணாம், ஏழு போதுமென்றார். குறையுமே என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் வந்து, முதலாளி காதில் விழும்படி கூவினார்: "எட்டுன்னு ஏன்யா சொன்னே? ஒம்போதுன்னு சொல்லியிருந்தா மறுபேச்சு பேசாம வாங்கினு போயிருப்பேனே!"

கொம்புக் கணக்கு

கருங்குழிக்காரர் ஒருவர் பொங்கலுக்கு முன் கதவு, ஜன்னல்களுக்குப் பச்சை எனாமல் வாங்கிப் போனார். பொங்கல் கழிந்ததும் வந்து, பத்தவில்லை என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரோடு அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் இரண்டு கதவுகள் மொட்டையாக நிற்கின்றன. கொட்டகையில் ஆறு மாடுகள் பளபளவென்று பச்சைக் கொம்போடு அசைபோடுகின்றன. எதிர்வீட்டு மாட்டுக்கும் பச்சை, பக்கத்து வீட்டு மாட்டுக்கும் பச்சை! "கதவுக்கு வாங்கினதாச்சே!" என்றேன். மனிதர் நிதானமாகச் சொன்னார்: "கதவு அடுத்த மாசம் வரிக்கும் பொறுக்கும் அண்ணாத்த. மாட்டுப் பொங்கலு பொறுக்குமா?"

முதலாளியின் தீர்ப்பு

திரும்பி வந்து மாட்டுக் கதையைச் சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொருத்தன் கொறைஞ்சுதுன்னு படியேறி வந்தான்னா, நீ படியெறங்கிடு."

பாதி வீடு

அந்தச் சமயம் பார்த்து, கல்யாணத்துக்கு வீட்டை வெளுக்க வேண்டுமென்று வருங்கால மாமனார் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நீள வீடு அது. ஒரே முன்சுவர், இரண்டு வாசல், நடுவில் ஒரு கரிக்கோடு. இந்தப் பக்கம் மாமனார். அந்தப் பக்கம், ஒன்பது வருஷமாக அவரோடு பேசாத தம்பி. "கோட்டுக்கு அந்தாண்ட ஒரு சொட்டு படக்கூடாது மாப்ளே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான்கு முறை அளந்து, பன்னிரண்டு டப்பா அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில், காலி டப்பாவும் கையுமாக அவரே கடைப் படியேறினார். வேலை போனால் பெண்ணும் போச்சு. அதை முடிவு செய்ய வேண்டியவரே புகார் சொல்ல வந்து நிற்கிறார்! "இன்னா, கொறைஞ்சுதா?" என்று முதலாளி கேட்டார்.

மாமனார் என்னைப் பார்த்தார். "நேத்து எங்க பாதிய அடிச்சி முடிச்சோம். எந்தம்பி தெருவுல வந்து நின்னு பாத்துகினே இருந்தான். அப்புறம் அவனா வாயத் தொறந்து, 'கல்யாண வூடு பாதி மூஞ்சி மட்டும் கழுவுனாப்பல கீதே அண்ணே'ன்னான்" என்றார். டப்பாவை மேஜைமேல் வைத்தார். "இந்தப் புள்ள போட்ட கணக்குல ஒரு சொட்டு கொறையல மொதலாளி. நாங்க போட்டதுலதான் ஒரு வூடு கொறைஞ்சி போச்சி. இன்னும் பன்னெண்டு டப்பா குடு."

அன்று முதல், யார் வந்து எத்தனை டப்பா என்று கேட்டாலும், நீளம் அகலம் விசாரிப்பதற்கு முன் பங்காளிகள் எத்தனை பேர், பேச்சுவார்த்தை உண்டா என்று விசாரித்துவிடுவேன்.